பணம் பறந்தது, சட்டம் தவழ்கிறது!

அச்சுப்பொறி ஓடவில்லை!

2016-ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 5-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. வங்காள தேசத்தின் தலைநகர் டாக்காவிலே, அந்நாட்டு மைய வங்கியின் அறையொன்றிலே, ஓயாமல் தாளைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டிய அச்சுப்பொறி வாய் திறவாமல் கிடந்தது. பழுது போலும் என்று எண்ணினார்கள் அலுவலர்கள். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. நாளை பார்த்துக்கொள்வோம் என்று வீடு சென்றார்கள்.

பழுதல்ல, தோழர்களே! வாயைக் கட்டியிருந்தார்கள். கொள்ளையிட வருபவன் முதலில் காவல் நாயின் வாயைக் கட்டுவானே, அப்படி!

முந்திய இரவே காரியம் முடிந்துவிட்டது. வங்காள தேசம் தன் அந்நியச் செலாவணியை நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கியிலே போட்டு வைத்திருந்தது. அதிலிருந்து எடுத்து இன்னின்னாருக்குக் கொடு என்று 35 கட்டளைகள் பறந்துவிட்டிருந்தன. கேட்ட தொகை 95 கோடியே 10 இலட்சம் டாலர். கட்டளை போன வழி, உலக வங்கிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ‘ஸ்விப்ட்’ என்ற அதே நேர்வழி. முத்திரை சரியான முத்திரை. அனுப்பியவன்தான் வேறு! அனுப்பியதற்கான பதிவுகளை அழிக்கவும், அச்சுப்பொறியின் வாயை அடைக்கவும், வங்கியின் கணிப்பொறிக்குள்ளேயே நச்சு நிரல் ஒன்றை நட்டு வைத்திருந்தான்.

கன்னக்கோல் இல்லை, கள்ளச்சாவி இல்லை, காவலாளியைக் கட்டிப்போடவில்லை, கண்ணாடிச் சன்னல் ஒன்றுகூட உடையவில்லை. ஒரு நாட்டின் கருவூலத்திலே கை வைத்தார்கள்.

யார் வீட்டுப் பணம் அது? கேட்க வேண்டாமா?

மைய வங்கியின் பணம் என்றால் மாளிகைக்காரர் பணம் என்று எண்ணிவிடாதீர்கள். வங்காள தேசத்துக்கு டாலர் எங்கிருந்து வருகிறது? டாக்காவைச் சுற்றியுள்ள ஆலைகளிலே தையற்பொறிக்கு முன்னே முதுகு வளைந்து கிடக்கும் பெண்களிடமிருந்து வருகிறது. வளைகுடா நாடுகளிலே, மலேசியாவிலே, வெயிலில் வெந்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் கூலிக்காரனிடமிருந்து வருகிறது. 2013-இல் சாவாரிலே ரானா பிளாசா கட்டடம் சரிந்து 1,100-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்களே, அந்த ஆடைத் தொழிலாளர்கள் ஈட்டிய டாலர்! திருப்பூர்த் தோழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே ஊசி, அதே நூல், அதே முதுகுவலி.

கொள்ளையர் கையில் கடைசியாகச் சிக்கியது 8 கோடியே 10 இலட்சம் டாலர். அன்று அந்நாட்டு ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக் கூலி 5,300 டாக்கா. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 12 இலட்சம் பேரின் ஒரு மாதக் கூலி! ஒரே இரவிலே!

உள்ளே எப்படி நுழைந்தார்கள்? அமெரிக்கப் புலனாய்வாளர் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னது இது: 2015 சனவரியிலே வங்கி அலுவலர்களுக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. வேலை வேண்டும் ஐயா, என் தகுதிகளை இத்துடன் பாருங்கள் என்று பணிவாக எழுதியிருந்தது. வேலை கேட்பவன் கடிதம்தானே என்று திறந்தார்கள். நுழைந்தவன் அவசரப்படவில்லை. ஓராண்டு உள்ளேயே பதுங்கியிருந்து, யார் எப்போது வருகிறார், எப்படிக் கட்டளை எழுதுகிறார் என்று படித்தான். அவ்வளவு பெரிய வங்கியின் வலையமைப்போ, பயர்வால் என்னும் காவல் அரண் இல்லாமல், 10 டாலருக்கு வாங்கிய பழைய இணைப்புப் பெட்டிகளை வைத்து ஓடிக்கொண்டிருந்தது என்று அந்நாட்டுக் காவல்துறையின் வல்லுநரே சொன்னார். கோட்டைக்கு ஓலைத் தட்டி கதவு!

நாள் பார்த்துத் திருடினார்கள், தோழர்களே! இராகு காலம், எமகண்டம் பார்க்கும் பஞ்சாங்கமல்ல, விடுமுறைப் பஞ்சாங்கம். வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை. அங்கே விழித்துக்கொண்டு, ‘நிறுத்து, நிறுத்து’ என்று கூவும்போது நியூயார்க்கில் சனி, ஞாயிறு. திங்கள் 8-ஆம் நாள் பிலிப்பைன்ஸ் நாட்டிலே சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்று நாட்டு விடுமுறைகளை முடிச்சுப் போட்டு அதற்குள்ளே பணத்தைக் கொண்டு ஓடினான் கள்வன்.

பின் ஏன் 95 கோடியும் போகவில்லை? பணம் போகவேண்டிய வங்கிக் கிளை, மணிலாவை அடுத்த மக்காத்தியிலே ஜூபிடர் வீதியில் இருந்தது. ஜூபிடர் என்ற சொல், ஈரான் மீதான தடைப் பட்டியலில் இருந்த கப்பலொன்றின் பெயரிலும் இருந்ததாம். பெயரைப் பார்த்து நியூயார்க்கில் ஐயம் கொண்டார்கள். 30 கட்டளைகளை நிறுத்தி வைத்தார்கள். ஜூபிடர் என்றால் நம்மூர் சோதிடர் சொல்லும் குரு, வியாழன்! குரு பார்க்கக் கோடி நன்மை என்பாரே, அவர் காதில் இது விழாமல் இருக்கட்டும். 85 கோடி டாலரைக் காத்தது எங்கள் குருதான் என்று தட்டு நீட்டிவிடுவார். காத்தது வானத்துக் கோள் அல்ல. வீதியின் பெயர்ப் பலகை.

இலங்கைக்கும் 2 கோடி டாலர் போயிற்று. பெறுபவரின் பெயரில், ‘பவுண்டேஷன்’ என்ற சொல்லைப் பிழையாக எழுதிவிட்டான் திருடன். இடையிலிருந்த செர்மானிய வங்கி, இது என்ன சொல் என்று கேட்டது. பணம் நின்றது, திரும்பியது. பிழை திருத்துபவரை அன்றாடம் ஏசும் நம் அச்சகத் தோழர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆக, காத்தது சட்டமா? இல்லை. காவல்துறையா? இல்லை. ஒரு வீதியும் ஓர் எழுத்துப் பிழையும்!

“ஐயா, இது கணிப்பொறிக் குற்றம். கண்ணுக்குத் தெரியாது, கைக்குச் சிக்காது. எங்கிருந்து வந்தான், எங்கே போனான் என்று யார் அறிவார்?” என்று சொல்கிறார்களே, மெத்தப் படித்தவர்கள், அவர்களைத்தான் நான் கேட்கிறேன்: உண்மையிலேயே சிக்காதா?

கடினம்தான், மறுக்கவில்லை. மிதிவண்டி களவு போனால் மிதிவண்டி இருந்த இடம் வெறுமையாக இருக்கும். இங்கே கணக்கைத் திறந்து பார்க்கும்வரை எதுவும் குறையாது. கடிதத்தின் மேலே அஞ்சல் முத்திரை இருந்தால் எந்த ஊர் அஞ்சலகத்தில் போட்டான் என்று தெரியும். எழுதிய கை எது என்று முத்திரை சொல்லாது. கணிப்பொறியின் இணைய முகவரியும் அப்படித்தான். திருடன் ஒரு நாட்டுப் பொறியைப் பிடித்து, அதன் வழியே இன்னொரு நாட்டுப் பொறியைப் பிடித்து வருவான். தடயத்தையும் தானே துடைத்துவிட்டுப் போவான். கண்டெடுத்த பொறியையோ சும்மா தொட்டாலே அதன் நேரக் குறிப்புகள் மாறிவிடும்.

அப்படியும் கண்டுபிடித்தார்கள்! நச்சு நிரலைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், 2014-இல் சோனி திரைப்பட நிறுவனத்தைத் தாக்கிய கையும் இதுவும் ஒரே கை என்றார்கள். அமெரிக்கப் புலனாய்வுத் துறை ஏறத்தாழ 1,000 மின்னஞ்சல், சமூக வலைத்தளக் கணக்குகளை நீதிமன்ற உத்தரவு பெற்றுத் துருவியது. அயல்நாடுகளுக்கு வேண்டுகோளுக்கு மேல் வேண்டுகோள் எழுதியது. 2018 செப்டம்பரில் குற்றச்சாட்டை வெளியிட்டது. வடகொரியாவைச் சேர்ந்த ஒருவர்மீது பெயர் சொல்லி வழக்கு. 2021-இல் மேலும் இருவர்மீது வழக்கு. வடகொரியா மறுத்தது. பிடித்துக் கொடு என்று கேட்க ஒப்பந்தம் இல்லை. கேட்டாலும் கொடுப்பார் இல்லை. குற்றப்பத்திரிகை அமெரிக்காவில், குற்றவாளி என்று சொல்லப்படுபவர் வடகொரியாவில்!

அது போகட்டும். வடகொரியாதானே கைக்கு எட்டாத நாடு? பணம் போனது வடகொரியாவுக்கா? முதலில் மணிலாவுக்கு! அங்கே நீதிமன்றம் உண்டு, பாராளுமன்றம் உண்டு, போலீஸ் உண்டு. அங்கே நடந்ததைக் கேளுங்கள்.

ரிசால் கமர்ஷியல் வங்கியின் ஜூபிடர் வீதிக் கிளையிலே, 2015 மே மாதமே பொய்ப் பெயர்களில் நான்கு கணக்குகள் திறந்தார்கள். ஒவ்வொன்றிலும் போட்டது 500 டாலர். ஒன்பது மாதம் அந்தக் கணக்குகள் தூங்கின. பிறகு ஒரே நாளில் கோடிகள் வந்து விழுந்தன. நிறுத்து என்ற செய்தி டாக்காவிலிருந்து வந்து சேர்ந்த பிறகும், 9-ஆம் நாளன்று 5 கோடியே 80 இலட்சம் டாலர் அளவுக்கு வெளியே போயிற்று. பணமாற்று நிறுவனமொன்று அதைப் பெசோவாக்கியது. பெசோ சூதாட்ட விடுதிக்குப் போயிற்று. அங்கே வில்லைகளாக மாறி, மேசைமேல் உருண்டு, மீண்டும் நோட்டாக மாறி வெளியேறியது. வந்தது எந்தப் பணம், போனது எந்தப் பணம்? யார் சொல்ல முடியும்?

ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார்கள் செனட் சபையில். வங்கிக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? வாடிக்கையாளரின் இரகசியம், சொல்லக்கூடாது! 1955-ஆம் ஆண்டு வங்கி இரகசியச் சட்டம் இருக்கிறதாம். திருட்டுப் பணத்துக்கும் இரகசியம். பொய்ப் பெயருக்கும் இரகசியம்! சூதாட்ட விடுதியைக் கேட்கலாமே என்றால், கறுப்புப் பணத் தடைச் சட்டம் 2001-இல் வந்தபோது சூதாட்ட விடுதியை அதில் சேர்க்கவில்லை. 2013-இல் திருத்தினார்கள், அப்போதும் சேர்க்கவில்லை. மறந்துபோனார்களா? மறதியல்ல, தோழர்களே! பேசி, வாதாடி, வேண்டாம் என்று விட்டார்கள். கொள்ளை உலகறிய நடந்து, மானம் போன பிறகு, 2017 சூலையிலேதான் சேர்த்தார்கள். அதுவும் 50 இலட்சம் பெசோவுக்கு மேற்பட்ட பரிமாற்றத்துக்கு மட்டும்.

இதிலே கணிப்பொறியின் மாயம் எங்கே இருக்கிறது? நூறு ஆண்டுக்கு முன்னே பேரேடு எழுதிய கணக்கப்பிள்ளையும் கண்டுபிடித்திருப்பானே இதை! கள்வன் கணிப்பொறியைக் கற்றது உண்மை. அதைவிட நன்றாக அவன் கற்றிருந்தது சட்டத்திலே சீமான்கள் தங்களுக்காக விட்டு வைத்திருந்த சந்துகளை.

சரி, தண்டனை யாருக்கு?

2019 சனவரியிலே மக்காத்தி நீதிமன்றம் முதல் தண்டனையை அளித்தது. அந்தக் கிளையின் மேலாளராக இருந்த ஒரு பெண்ணுக்கு! எட்டுக் குற்றச்சாட்டு, ஒவ்வொன்றுக்கும் 4 முதல் 7 ஆண்டு, மொத்தம் 32 முதல் 56 ஆண்டு. அபராதம் ஏறத்தாழ 10 கோடியே 90 இலட்சம் டாலர். மாதச் சம்பளக்காரர் கட்ட வேண்டிய தொகை!

அவர் குற்றமற்றவர் என்று வாதாட நான் வரவில்லை. நிறுத்து என்ற பிறகும் பணத்தை விட்டது அந்தக் கிளை. நீதிமன்றம் சான்று கேட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நான் கேட்பது வேறு. கதவருகே நின்றவருக்கு 56 ஆண்டு. கொள்ளைக்குத் திட்டமிட்டவன் எங்கே? வில்லைகளை வாங்கிச் சூதாடியவன் எங்கே? வங்கிக்கு 100 கோடி பெசோ அபராதம் போட்டார்கள், கட்டினார்கள். வங்காள தேச மைய வங்கி 2019-இல் நியூயார்க்கில் அந்த வங்கிமீது வழக்குப் போட்டது. உடனே அந்த வங்கி என்ன செய்தது? எங்கள் பெயரைக் கெடுக்கிறாய் என்று மணிலாவிலே மான நட்ட வழக்குப் போட்டது! நியூயார்க் கூட்டரசு நீதிமன்றமோ 2020-இல், இது எங்கள் சட்டத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டது. வழக்கைத் தூக்கிக்கொண்டு மாநில நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். நான்கு நாளில் கண்டம் விட்டுக் கண்டம் பாய்ந்தது பணம். அதைத் தேடும் வழக்குக்கு ஒரே ஊரில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகவே ஆண்டு வேண்டியிருந்தது.

இதே மணிலாவிலே இன்னொரு கதையும் உண்டு. 2000-ஆம் ஆண்டு மே 4. ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்ற தலைப்பிலே ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பரவி, கோடிக்கணக்கான கணிப்பொறிகளைக் கெடுத்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றமே தன் அஞ்சல் பொறியை மூடியது. தடம் பிடித்துப் போனார்கள். மணிலாக் கல்லூரி மாணவர் ஒருவர்மேல் போய் நின்றது. வழக்கு? ஆகஸ்டில் கைவிட்டார்கள். அப்படிச் செய்வது குற்றம் என்று சொல்ல அந்த நாட்டில் சட்டமே இல்லை! சூனில் அவசரமாகச் சட்டம் இயற்றினார்கள். முன்னே நடந்ததற்குப் பின்னே வந்த சட்டம் பாயாது என்பதால் அவர் வெளியே வந்தார்.

விட்டது சரியா என்றால், சரிதான் என்பேன். நேற்றுச் செய்ததற்கு இன்று சட்டம் எழுதி உள்ளே தள்ளலாம் என்று ஒப்புக்கொண்டால், நேற்று மேடையில் பேசியதற்கு நாளைக்குச் சட்டம் எழுதுவார்கள். நமக்குத் தெரியாததா அது?

டாக்காவும் மணிலாவும் எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்று கேட்கும் தோழர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவருக்காக நம் ஊருக்கு வருகிறேன்.

ஜூபிடர் வீதியில் 500 டாலர் போட்டுத் திறந்தார்களே, அதுபோன்ற கணக்கு இன்று நம் தெருவிலே விலை பேசப்படுகிறது. “உன் வங்கிக் கணக்கையும் சிம் கார்டையும் கொடு, சில ஆயிரம் தருகிறேன்” என்று ஒருவன் வருகிறான். வேலையற்ற இளைஞன் கொடுக்கிறான். எங்கோ ஓர் ஓய்வூதியக்காரரை மிரட்டிப் பறித்த பணம் அந்தக் கணக்கிலே விழுந்து, அரைமணியிலே பத்துக் கணக்குக்குச் சிதறுகிறது. 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால் தடுத்து நிறுத்த வழியுண்டு. மறுநாள் சொன்னால் கூண்டு வெறுமை. போலீஸ் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவன் வீட்டுக் கதவை! பறித்தவன் கடல் கடந்து இருக்கிறான். பாஸ்புத்தகம் கொடுத்தவன் பாளையங்கோட்டையில் இருக்கிறான்.

அந்தக் கடல் கடந்த இடத்திலும் தட்டச்சு செய்பவன் யார் என்று பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. தாய்லாந்தில் கணிப்பொறி வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போன நம் தமிழ் இளைஞர்களை மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, அடித்து உதைத்து, ஊரை ஏமாற்றும் வேலையில் உட்கார வைத்தார்கள். 2022-இல் அவர்கள் அனுப்பிய காணொளி வந்த பிறகே உலகறிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு குழு மீண்டு சென்னை வந்து இறங்கியது. அவன் குற்றவாளியா, கொத்தடிமையா? எந்தப் பிரிவில் வழக்கு எழுதுவது? சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், விழிக்கும்.

வழக்கு நீதிமன்றம் ஏறினாலும் தொல்லை தீர்வதில்லை. கணிப்பொறியிலிருந்து எடுத்த தாளை நீட்டினால், இது நகல்தானே, எந்தப் பொறியில், யார் எடுத்தது என்று கேட்பார் வழக்கறிஞர். நியாயமான கேள்வி, மாற்றி எழுதுவது எளிது. அதற்குச் சான்றிதழ் வேண்டும் என்றது சட்டம். கட்டாயம் வேண்டும் என்றது உச்சநீதிமன்றம், 2014-இல். சில இடங்களில் இல்லாவிட்டாலும் போகட்டும் என்றது 2018-இல். இல்லை, கட்டாயம்தான் என்றது 2020-இல். 2024 சூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டம் நடப்புக்கு வந்து, கோப்பின் கைரேகை போன்ற ‘ஹாஷ்’ எண்ணையும் வல்லுநர் கையொப்பத்தையும் சேர்த்துக் கேட்கிறது. மேல்நீதிமன்றமே இப்படி மாறி மாறிச் சொன்னால், தாலுகா காவல் நிலையத்தில் நான்கு கொலை, நாற்பது அடிதடிக்கு நடுவே இந்த வழக்கையும் சுமக்கும் ஆய்வாளர் என்ன செய்வார்? கைப்பேசியைப் பறிமுதல் செய்யும்போதே திறந்து தடவிப் பார்த்துவிடுகிறார். அங்கேயே பாதி வழக்கு செத்துவிடுகிறது.

ஆகவே அதிகாரத்தை வாரிக் கொடு, எல்லார் பொறியையும் எப்போதும் பார்க்க விடு என்று ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. அங்கேதான் கழகத் தோழர்கள் விழித்துக்கொள்ள வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை நினைவிருக்கிறதா? கணிப்பொறிக் குற்றத்தைத் தடுக்க என்றுதான் வைத்தார்கள். எந்தக் கொள்ளைக்காரன் மாட்டினான் அதிலே? தலைவர்களைக் கேலி செய்து நாலு வரி எழுதியவன் மாட்டினான். 2015 மார்ச்சிலே உச்சநீதிமன்றம் அதை வெட்டி எறிந்தது. ஐக்கிய நாடுகள் மன்றம் 2024 டிசம்பரில் இணையக் குற்றத்துக்கென ஓர் உடன்படிக்கையை ஏற்று, 2025 அக்டோபரில் ஹனாயிலே கையொப்பத்துக்கு வைத்தது. ஒரு நாடு கேட்டால் மற்ற நாடு சான்றைத் திரட்டித் தரவேண்டும் என்கிறது. டாக்காக்காரன் கேட்டதும் மணிலாக்காரன் கணக்கைத் திறந்து காட்டுவான் என்றால் இருகை நீட்டி வரவேற்கலாம். ஒரு நாட்டு ஆட்சி, தன்னை எதிர்த்து எழுதிவிட்டு ஓடியவனின் கடிதங்களை இன்னொரு நாட்டிடம் கேட்டால்? அப்போது என்ன சொல்வது என்பதை இன்றே எழுதி வைக்கவேண்டும். வங்கிப் பேரேட்டைத் திற என்று கேட்பதற்கும், வீட்டுக் கடிதத்தைப் பிரி என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு பாட்டாளிக்குத் தெரியும். சட்டம் எழுதுபவர்களுக்குத்தான் அவ்வப்போது தெரியாமல் போகிறது.

டாக்காவுக்குத் திரும்பி முடிக்கிறேன். கொள்ளை போனதை அந்நாட்டு மைய வங்கி ஒரு மாதம் போல மூடி மறைத்தது. நிதியமைச்சரே ஏட்டில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். மார்ச் 15-ஆம் நாள் வங்கியின் ஆளுநர் பதவி விலகினார். அன்றுதான் மதிஜீல் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று. மணிலாச் சூதாட்டத் தரகர் ஒருவர் ஒப்படைத்ததிலிருந்து 1 கோடியே 50 இலட்சம் டாலர் அந்த ஆண்டு நவம்பரில் திரும்பி வந்தது. புலனாய்வு அறிக்கையைத் தாக்கல் செய்ய நீதிமன்றம் நாள் குறித்தது. அறிக்கை வரவில்லை, நாளைத் தள்ளிவைத்தது. மீண்டும் குறித்தது, மீண்டும் தள்ளிவைத்தது. பத்து முறையல்ல, இருபது முறையல்ல, அதற்கும் மேலே! ஆலைச் சங்கு மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போகவில்லை. காலையில் ஊதியது, அந்தப் பெண்கள் தையற்பொறிக்கு முன்னே போய் உட்கார்ந்தார்கள்.